எண்ணெய்க் கிணற்றில் நீரும் களிமண்ணும்

தாம்பரத்தில் இருந்துகொண்டு எண்ணெய்க் கிணறுகளைப் பற்றி எழுதப் புகுவது பொருத்தமற்ற செயலென நண்பர் சிலர்க்குத் தோன்றலாம். நம் கல்லூரி 1937-ஆம் ஆண்டில் பட்டினத்தை விட்டு இச் சேலையூர்க் காட்டில் குடியேறியது. அன்று தொட்டு இன்றுகாறும் இங்குள்ள கிணறுகளில் நீரையன்றி வேறொன்றை எவரும் கண்டிலர்; இனிக் காணப்போவதுமில்லை. பரங்கிமலையும் பல்லாவரத்துக் குன்றும் எக்கல்லால் ஆயினவோ அக்கருங்கல்லே நம் காலடியிலும் கிடக்கின்றது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கு என்பாரின் கல்லறைமேல் அக்கல் இருத்தல் பற்றி அதற்குச் 'சார்னோக்கைட்டு' என நிலநூற் புலவர் பெயரிட்டனர். அஃது எண்ணெயைப் பிறப்பிக்கும் இயல்புடையதன்று. ஆகவே, எண்ணெய்க் கிணற்றுக்கும் நமக்கும் யாது தொடர்பு என்று வினவுதல் இயல்பே.

தொடர்பு உண்டு, அதுவும் ஒன்றன்று, மூன்று. முதலாவது, மின்சார ரயில் ஒழிந்த பிற வண்டிகளிற் பெரும்பாலானவை எண்ணெயால் ஓடுவன. அவற்றில் ஏறிச் செல்லும் நாம் எண்ணெய் எங்கிருந்து, எவ்வாறு வருகின்றது என்று அறிய வேண்டிய கடப்பாடு உடையோம். இரண்டாவது, நம் விடுதிகளில் உண்ணும் சோற்றுக்கு நெல் விளைத்துத் தரும் காவிரிப் படுகையிலேதான் தமிழ்நாட்டின் எண்ணெய்க் கிணறுகள் இருக்கின்றன. மூன்றாவது, எண்ணெய்க் கிணற்றின் பெரிய வழக்கு எண்ணெயைப் பற்றியதன்று, நீரைப் பற்றியது. நீரின் வழக்கைச் சென்னையின் தென்புறத்தில் வாழும் நம்மினும் நன்கறிந்தார் யார்?

எண்ணெய்க் கிணறு என்றவுடன், பூமியின் அடியில் எண்ணெய் ஓர் ஏரிபோல் தேங்கிக் கிடப்பதாகவும், குழாயிட்டு உறிஞ்சினால் அது வற்றும்வரை எண்ணெயே வருமென்றும் பலர் எண்ணுகின்றனர். உண்மை அஃதன்று. ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டினால் மணற்பரல்களின் இடையே நின்ற நீர் கசிந்து கூடுவதைக் கண்டிருக்கின்றோம். அதுபோலவே, ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் உள்ள பாறையின் நுண்ணிய துளைகளிலும் வெடிப்புகளிலும் எண்ணெய் தங்கியிருக்கின்றது. அதன் அடியில், அதே பாறையில், நீர் இருக்கின்றது. பெரும்பாலும் அது முன்னொரு காலத்துக் கடலின் எச்சமாதலின் உப்பு மிகுந்தது. எண்ணெய் வெளியேறுந்தோறும் அவ்விடத்தை நிரப்ப நீர் ஏறி வரும். பல வகைக் கச்சா எண்ணெயினும் நீர் இளகியது. எனவே, வழி கிடைத்தவிடத்து எண்ணெயை முந்திக்கொண்டு ஓடி வருவதும் அதுவே.

இதனால், இளமையில் எண்ணெயைத் தந்த கிணறு முதுமையில் நீரையே மிகுதியாகத் தருகின்றது. 2000-ஆம் ஆண்டளவில் உலகத்துக் கிணறுகளையெல்லாம் சேர்த்து மதிப்பிட்ட பொறியியலார், ஒரு பீப்பாய் எண்ணெயுடன் ஏறத்தாழ மூன்று பீப்பாய் நீர் வெளிவருவதாகக் கணித்தனர். பீப்பாய் ஒன்று 159 லிட்டர் கொண்டது. எனவே எண்ணெய்க் கிணறு எனப்படுவதனை உவர்நீர்க் கிணறு என்றழைத்தாலும் பெரிதும் பிழையாகாது.

இந்நீர் எவ்வாறு ஏறுகின்றது என்பதை அறிய நாம் நெடுந்தொலை செல்ல வேண்டுவதில்லை. திருவான்மியூர் முதல் கோவளம் வரையுள்ள கடலோர மணற்பரப்பில், மழையால் இறங்கிய நன்னீர், கடலிலிருந்து உட்புகுந்த உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்திற்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி வரை உவர்நீரை அது தள்ளி நிற்கும் என்பது பௌதிகக் கணக்கு. மேல்மட்டம் ஓரடி தாழ்ந்து நிலைத்துவிடின், கீழுள்ள உவர்நீர் காலப்போக்கில் நாற்பதடி உயரும் என்பதும் அக்கணக்கினின்றே பெறப்படும். ஓரிடத்தில் பெரிய எந்திரத்தை வைத்து விரைந்து இறைத்தால், அக்கிணற்றின் நேர்கீழே உவர்நீர் கூம்பு வடிவாக எழுந்து வந்து கிணற்றைக் கெடுத்துவிடும். நிலத்தடி நீரை எடுத்தலை வரையறுக்கச் சென்னை மாநகர்ப் பகுதிக்கென 1987-ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. நன்னீர் இருந்த இடத்தில் எண்ணெயை வைத்து நினைத்தால், எண்ணெய்க் கிணற்றில் நிகழ்வது நமக்கு இனிது விளங்கும். ஆசை மிகுந்து விரைந்து இறைத்தலே இரண்டிடத்தும் கேட்டுக்குக் காரணமாகின்றது.

இனிக் காவிரிப் படுகையை நோக்குவோம். எண்ணெய், இயற்கை வாயு ஆணையம் 1956-இல் தோன்றியது. 1964-இல் காரைக்காலில் ஆழ்கிணறு துளைக்கப்பட்டது. பின்னர் நரிமணம், கோவில்களப்பால், அடியக்கமங்கலம், கமலாபுரம், குத்தாலம், புவனகிரி முதலிய இடங்களில் எண்ணெயோ வாயுவோ கண்டனர். நாகப்பட்டினத்தை அடுத்த பனங்குடியில் 1993-இல் சுத்திகரிப்பு ஆலை ஒன்றும் எழுந்தது. நெல்வயலும் எண்ணெய்க் கிணறும் ஒரே ஊரில் அருகருகே நிற்கலாயின. 2017-இல் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் மக்கள் திரண்டெழுந்து எதிர்த்த செய்தி யாவரும் அறிந்ததே. 2020 பிப்ரவரியில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இப்படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிப் புதிய எண்ணெய்க் கிணறுகளைத் தடை செய்தது. ஆனால் அதற்குமுன் நடைபெற்று வந்தவற்றை அச்சட்டம் நிறுத்தவில்லை.

இவ்விடத்தில்தான் எம் கருத்தின் தொடக்கம் உள்ளது. சட்டம் வந்தது, வழக்கு முடிந்தது என்று பலர் அமைதியுற்றனர். அவ்வமைதி சரியன்று. புதிய கிணறுகள் தோன்றா என்றால், இருப்பவை யாவும் ஆண்டுதோறும் முதிர்வனவே. கிணறு முதிருந்தோறும் நீர் பெருகும் என்பதை மேலே கண்டோம். ஆகவே தடைச்சட்டத்திற்குப் பின்னர், எண்ணெய்க்கு ஈடாக மேலே வரும் உவர்நீரின் பங்கு கூடுமேயன்றிக் குறையாது. எண்ணெயைப் பற்றி வழக்காடி ஓய்ந்த நாம், நீரைப் பற்றிப் பேசத் தொடங்கவே இல்லை.

மேலே வந்த நீரைத் தொட்டிகளில் பிரித்து, எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி, மீண்டும் ஆழத்துள் செலுத்துவது முறை. முறை நல்லதே. ஆயினும் ஆயிரக்கணக்கான அடி கீழே கிடந்த ஒன்றைப் பெருஞ்செலவில் மேலே தூக்கி, வயல்களின் ஊடே குழாய்வழிச் செலுத்தி, தூய்மை செய்து, மறுபடியும் பெருஞ்செலவில் கீழே அனுப்புதல் அறிவுடைமையாகுமா? உப்புநீர் இரும்பை அரிப்பது. அரித்த குழாய் எங்கே, எந்நாளில் கசியும் என்று முன்னறிதல் அரிது. நெல்லோ உப்பைப் பொறுக்காத பயிர். எனவே, நீரை அது பிறக்கும் இடத்திலேயே நிறுத்துதலே சிறந்தது என்பது எம் துணிபு.

நிறுத்துவது எப்படி? பழைய முறை சிமெண்டுக் குழம்பைச் செலுத்தி அடைத்தல். குழாயின் ஓட்டையை அடைக்க அது தக்கது. ஆனால் சிமெண்டுக்கு நீர் இது, எண்ணெய் இது என்னும் வேறுபாடு தெரியாது. இரண்டின் வழியையும் ஒருங்கே மூடிவிடும். மேலும் அதன் துகள் பருத்ததாதலின் பாறையின் நுண்துளைகளில் நுழையாது. பின்வந்தோர், பாலிஅக்ரிலமைடு என்னும் நீள்மூலக்கூற்றுப் பொருளை நீரிற் கரைத்து, குரோமிய உப்புச் சேர்த்து, பாறைக்குள்ளேயே ஜெல்லாக உறையச் செய்தனர். இது பல இடங்களில் நற்பயன் தந்தது. எனினும் மிக்க வெப்பமும் உப்பும் உள்ள இடத்தில் இத்தகைய ஜெல்களுட் பல சிதைந்து விடுகின்றன.

இவற்றிற்கு அடுத்து வைத்து எண்ணத்தக்கது களிமண்ணால் நிலைபெற்ற ஜெல்-பால்மம். பெயர் புதிதாயினும் பொருள் நம் அடுக்களையில் உள்ளதே. பால் என்பது நீரில் நெய்த்துளிகள் பரந்து நிற்கும் கலவை. ஏட்டைக் கடைந்து வெண்ணெய் திரட்டினால் நிலைமை தலைகீழாகின்றது; அங்கே நெய் புறத்திலும் நீர்த்துளிகள் அதனுள்ளும் இருக்கின்றன. முன்னது நீரோடு எளிதிற் கலக்கும், பின்னது கலவாது. இவ்விருவகைக் கலவையையும் பால்மம் என்கின்றோம். எண்ணெய்க் கிணற்றுக்கு வேண்டுவது வெண்ணெய் வகை: எண்ணெய் வெளியே, நீர் உள்ளே.

அத்துளிகளை எவ்வளவு நெருக்கி அடைப்பது? கடையில் எலுமிச்சம்பழங்களை அடுக்குவதைப் பாருங்கள். ஒரே அளவான உருண்டைகளை எத்துணைத் திறமையாக அடுக்கினும், நூற்றுக்கு 74 பங்கு இடமே நிரம்பும்; எஞ்சியது வெற்றிடம். பால்மத்தில் நீர்த்துளிகள் இவ்வளவைக் கடந்து நெருக்கப்படுமாயின், ஒன்றையொன்று அழுத்தித் தட்டையாகி, இடையே மெல்லிய எண்ணெய்த் தோல் மட்டும் எஞ்சும். அந்நிலையில் கலவை தானே ஓடும் தன்மையை இழந்து, தள்ளினால் நகர்ந்து, விட்டால் நின்றுவிடும் ஜெல் ஆகின்றது. நீரும் எண்ணெயுமாகிய இரண்டு ஓடும் பொருள்கள் கூடி ஓடாப் பொருளாதல் வியப்பன்றோ?

ஆயின், துளிகள் ஒன்றோடொன்று கூடிப் பிரிந்து போகாதவாறு காப்பது எது? அதுவே களிமண். ராம்ஸ்டன் 1903-லும் பிக்கரிங் 1907-லும் நுண்ணிய திடத்துகள்கள் துளியின் மேற்பரப்பில் படிந்து கவசம்போல் காப்பதை எடுத்துக்காட்டினர். பிக்கரிங் பழத்தோட்டங்களுக்குத் தெளிக்கும் மருந்துக் கலவைகளை ஆராய்ந்து வந்தவர். பெண்டொனைட்டுக் களிமண்ணின் துகள் ஏடுபோன்றது. ஓரேட்டின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்களவே. இயற்கையில் அது நீரை விரும்புவது. தக்க அங்கக உப்புகளால் அதனைப் பதப்படுத்தினால் எண்ணெயாலும் நனையும் இயல்பு பெறும். அப்போது அவ்வேடுகள் நீர்த்துளிகளைச் சூழ்ந்து நிற்கும். எஞ்சியவை துளிகளின் இடையேயுள்ள எண்ணெயில் வலைபோற் பின்னி அதனைத் தடிக்கச் செய்யும்.

இப்பால்மத்தைக் கிணற்றின்வழிப் பாறைக்குள் செலுத்தினால் நிகழ்வது யாது? அது நீர்வழியிற் புகுந்தால், வரும் நீரைத் துளிகளாக உள்வாங்கி மேன்மேலும் தடித்து வழியை அடைக்கும். எண்ணெய்வழியிற் புகுந்தால், அதன் புறப்பகுதியும் எண்ணெயாதலின் வரும் எண்ணெயோடு கலந்து இளகி, நாளடைவில் வெளியேறி வழிவிடும். சிமெண்டுக்கு இல்லாத பகுத்தறிவு இக்கலவைக்கு உண்டு என்று விளையாட்டாகக் கூறலாம். உண்மையில் அது பகுத்தறிவன்று. எப்பொருளுடன் எது கலக்கும் என்னும் எளிய இரசாயன இயல்பே.

இதனைச் சர்வரோக நிவாரணியாக யாம் புகழவில்லை. ஆழத்தின் வெப்பம் மிகுந்தால் பால்மம் உடையலாம். அகன்ற வெடிப்பில் நிற்க வலிமை போதாமலும் போகலாம். எண்ணெயும் நீரும் ஒரே துளைவழி ஒருங்கே வருமாயின் எம்மருந்தாலும் நீரை மட்டும் தடுத்தல் அரிது. நீர் வரும் வழியைச் சோதித்து அறியாமல் மருந்து செலுத்துவது நாடி பாராமல் மருந்து கொடுப்பதை ஒக்கும். பதப்படுத்தும் உப்புகளுள் சில உயிர்களுக்குத் தீங்கானவை. பால்மத்தின் எண்ணெய்ப் பகுதியும் குடிநீரிற் கலத்தற்குரியதன்று. ஆகையால் மேல்மட்ட நன்னீர்ப் படுகையைக் காக்கும் குழாய்க்கவசம் பழுதற்றதா என்று முன்னரே தேர்ந்த பின்னரன்றி இதனைக் கையாளுதல் தகாது.

இங்கே இருவகை மறுப்புகளை எதிர்பார்க்கின்றோம். முதல்வர், "இத்தனை தொல்லை எற்றுக்கு? கிணறுகளையெல்லாம் மூடிவிடுக" என்பர். வயலைக் காக்க விழையும் அவர்தம் உள்ளத்தை யாம் மதிக்கின்றோம். ஆனால் மூடுதல் என்பது வாயிலில் மூடியிட்டு அகலுதல் அன்று. செவ்வனே அடைக்கப்படாத பழங்கிணறு, ஆழத்து உவர்நீர் மேலேறுதற்கும் ஒரு படுகையின் நீர் மறு படுகையிற் புகுதற்கும் நெடுங்குழாயாக நின்றுவிடும். ஆதலின் கிணற்றை நடத்துதற்கு வேண்டும் நீர்த்தடை அறிவே, கிணற்றை மூடுதற்கும் வேண்டும். இரண்டாமவர், "நீரைத் தூய்மை செய்து கீழே விடுகின்றோமே, குறை யாது?" என்பர். அவர்க்கு எம் விடை சுருக்கமானது: மேலே தூக்காத நீர் ஒருபோதும் வயலிற் கசியாது.

ஆயினும் இத்துறையிற் பெரிய இடர் இரசாயனத்தில் இல்லை. மனிதர் மனத்தில் உள்ளது. நீரைத் தடுக்கும் மருந்து கிடைத்தவுடன், "இனி முன்னினும் விரைந்து இறைக்கலாம்" என்னும் எண்ணம் தோன்றும். விரைவினாலே வந்த நோய்க்கு மருந்து கொடுத்து, மீண்டும் விரைவையே வளர்த்தால், கூம்பாக எழுந்த நீர் அடைப்பைச் சுற்றி வேறு வழி கண்டு வந்தே தீரும். கடலோரக் கிணற்றில் நாம் கற்ற பாடமும் அதுவே. ஆகவே இம்மருந்தின் வெற்றியை எண்ணெய் எத்துணை மிகுந்தது என்பதைக் கொண்டு அளத்தல் கூடாது. நீர் எத்துணைக் குறைந்தது என்பதைக் கொண்டே அளத்தல் வேண்டும்.

அவ்வாறு அளப்பதற்கு மக்களிடம் கணக்கு இருத்தல் வேண்டும். ஒவ்வொரு கிணற்றிலும் ஆண்டுதோறும் எவ்வளவு எண்ணெய் வந்தது, எவ்வளவு நீர் வந்தது, அந்நீர் எங்கே சென்றது என்னும் மூன்று எண்களை அவ்வூர்ப் பஞ்சாயத்தின் சுவரில் தமிழில் எழுதி வைத்தால் போதும். உழவர்க்கும் பொறியியலார்க்கும் இடையேயுள்ள ஐயத்திற் பாதி அன்றே நீங்கும். மறுபாதியைப் போக்குவது ஆராய்ச்சியாளர் கடன்.

ஆராய்ச்சி எங்கோ வெளிநாட்டில் நடப்பது என்று மாணவர் எண்ணற்க. நமக்கு அண்மையில், கிண்டியை அடுத்துள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில், நுண்துகள்களால் நிலைபெற்ற பால்மங்களை எண்ணெய் எடுத்தற்குப் பயன்படுத்துவது பற்றிய ஆராய்ச்சிகள் நிகழ்ந்து, 2010-க்குப் பிந்திய ஆண்டுகளில் வெளிவந்துள்ளன. பெண்டொனைட்டோ கச்சு நாட்டிலும் இராஜஸ்தானத்திலும் வெட்டி எடுக்கப்படுவது. சென்னையில் மாடிக் கட்டடங்களுக்கு ஆழ்துளை இடுவோர், துளையின் சுவர் சரியாதவாறு அதன் குழம்பையே நிரப்புகின்றனர். ஒரு கண்ணாடிக் குழாய், அதில் நிறைத்த மணல், உப்புநீர், சிறிது எண்ணெய், பதப்படுத்திய களிமண் இவை இருந்தால், எக்கலவை நீரைத் தடுத்து எண்ணெய்க்கு வழிவிடுகின்றது என்னும் முதற்சோதனையை எந்தக் கல்லூரியின் இரசாயன சாலையிலும் செய்து பார்க்கலாம். தீங்கற்ற பதப்பொருளையும், டீசலுக்கு மாற்றாகத் தாவர எண்ணெயையும் கொண்டு இதனைச் செய்ய இயலுமா என்னும் வினா, இளைஞர் பலர்க்கு வேலை தரத்தக்க நல்வினா.

மாணவ நண்பர்களே! மாடம்பாக்கத்து ஏரிக்கோ செம்பாக்கத்து ஏரிக்கோ மாலையில் நடந்து செல்வீராயின், அதன் கரையைச் சற்று நின்று நோக்குமின். களியும் மண்ணும் இட்டு இறுக்கிய கரை நீரைத் தடுக்கின்றது. வேண்டிய அளவு விடுவதற்கு மதகு இருக்கின்றது. கரையின்றி மதகு மட்டும் வைத்தாரும் இலர். மதகின்றிக் கரை மட்டும் கட்டினாரும் இலர். நம் முன்னோர் நிலத்தின்மேல் செய்த அவ்வேலையையே நிலத்தின்கீழ் செய்ய வேண்டியது இந்நாளின் கடமையாயிற்று. காவிரிப் படுகையின் கிணறுகள் நடக்குமாயினும் மூடப்படுமாயினும், அவற்றின் உவர்நீர் கீழேயே நிற்றல் வேண்டும். அதற்குரிய அறிவை இங்கே கற்று அங்கே கொண்டு செல்வோர் உங்களுள் ஒருவர் இருவரேனும் எழுவீராயின், நாம் உண்ட சோற்றுக்கு ஒரு சிறிது கைம்மாறு செய்தோர் ஆவோம்.